அரை நொடி நிற்கிறவன்

வாரபின்,
12 மே 1986

மச்சான் எர்ரலுக்கு,

மரியாதையாகத் தொடங்க நினைத்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதிலும் மரியாதை வருகிற மாதிரி தெரியவில்லை. நேராகவே கேட்கிறேன்: உனக்கு என்ன வந்தது?

மெல்போர்ன் பேப்பரின் ஃபுட்பால் ரசிகர் பக்கத்தை கெவ் விண்டர் தன் மதுக்கடைக் கதவில் ஒட்டிவிட்டு, அது போதாதென்று என் டயர் கடைக்கே நடந்து வந்தான். "கிளெம், உன் தங்கச்சி புருஷன் பேப்பர்ல எழுதியிருக்காரு. நம்ம லிண்ட்சே கோழையாம்." நான் நம்பவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் போய்ப் படித்தேன். "லிண்ட்சே ஷிர்மர் உயரமானவன், வேகமானவன். ஆனால் உயர உதைத்த பந்து கையால் பிடிக்க இறங்கும்போது மோதலுக்குப் பயந்து நிற்கிறான். பெரிய லீகுக்கான நெஞ்சு அவனிடம் இல்லை. சீசன் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிவிடலாம்." கீழே உன் பெயர். முன்னாள் எல்லைக்கோட்டு நடுவர் என்ற பட்டம் வேறு.

எல்லைக்கோட்டு நடுவர் என்றால் என்ன? வெளியே போன பந்தை முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே எறிகிறவன். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியே காலம் கழித்தவன் நெஞ்சைப் பற்றிப் பேசுகிறாயா?

இந்த ஊரிலிருந்து பெரிய லீகுக்குப் போன முதல் ஆள் லிண்ட்சே. பத்தொன்பது வயது. எங்கள் வட்டாரத்துப் பையன்கள் எல்லாம் நீ ஆதரிக்கிற கிளப்புக்குத்தான் என்று லீக் எழுதிக் கொடுத்துவிட்டது, வேறு கிளப்பைத் தேடவும் வழியில்லை. அழைத்துப் போனவர்கள் அவனை ரிசர்வ் என்கிற இரண்டாம் அணியில் போட்டு, அதிலும் பாதி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அடுத்த வருஷம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று செப்டம்பரில் முடிவு செய்யப் போகிறார்கள். அந்த நேரத்தில் நீ பேனாவைத் தூக்குகிறாய்.

அவன் அம்மா வால்டா தன் பேக்கரியில் வைத்து என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க மச்சான் அடுத்த தடவை ஊருக்கு வந்தா சொல்லுங்க. மாவுக்குள்ள இறைச்சி வெச்ச பை ஒண்ணு தனியா சுட்டு வெக்கிறேன். எலி மருந்து எங்கிட்ட நிறைய இருக்கு."

தங்கச்சி நோயலீனைக் கேட்டதாகச் சொல். உன்னைக் கேட்கவில்லை.

கிளெம் ரட்டக்


மெல்போர்ன்,
21 மே 1986

அன்புள்ள கிளெம்,

உன் கடிதத்தை நோயலீன் சத்தமாக வாசித்தாள். எலி மருந்து வந்த இடத்தில் சிரித்தாள். முதுகைத் திருப்பி எறிவது பற்றி நீ எழுதியதற்கு அவள் சிரித்ததை நான் மறக்கப் போவதில்லை.

பந்தை எறிவதற்கு ஒரு கணம்தான் திரும்புகிறோம். மீதி நேரமெல்லாம் ஓடிக்கொண்டே ஆட்டக்காரர்களை இரண்டு கை தூரத்தில் பார்க்கிறோம். பயந்தவனின் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களைப் போல மைதான வேலியோரம் காருக்குள் உட்கார்ந்து ஹாரன் அடித்துக் கற்றுக்கொண்டதல்ல.

ஒவ்வொரு சனிக்கிழமையும் ரிசர்வ் ஆட்டத்துக்கே போய்விடுகிறேன், உங்கள் ஊர்ப் பையனைப் பார்க்கத்தான். பக்கத்து இருக்கையில் மெர்ல் என்று ஒரு டிராம் கண்டக்டர் அம்மாள். கிளப் நிறக் கம்பளி நூலில் பின்னிக்கொண்டே, "குட்டிப் பையன்யா, கால் ஊனட்டும், அப்புறம் பாருங்க" என்கிறாள். பின் வரிசையிலிருந்து ஒருவன், "கால் ஊன்றதுக்கு இது என்ன நாத்தங்காலா? கிளப்பும்மா!" என்கிறான். "உங்க கேப்டன் முதல் வருஷத்துல என்ன கிழிச்சாரு?" என்று அவள் ஊசியை அவன் மூக்குக்கு நேரே நீட்டுகிறாள். இப்படி வாராவாரம் நடக்கிறது. யாரும் யாரையும் மாற்றியதில்லை.

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பந்து மேலே போனதும் அவன்தான் முதலில் புறப்படுகிறான். எவனைவிடவும் முன்னால் வந்து சேர்கிறான். பந்து இறங்கும்போது அரை நொடி நிற்கிறான். அந்த அரை நொடியில் பின்னாலிருந்து ஒருவன் முழங்காலை அவன் முதுகில் ஊன்றி ஏறிப் பிடித்துவிடுகிறான். ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு தடவையும். இதற்கு வேறு பெயர் இருந்தால் சொல், பேப்பரில் திருத்தி எழுதுகிறேன்.

எர்ரல் ட்ரெகியர்


வாரபின்,
30 ஜூன் 1986

மச்சான்,

அன்று ஆட்டத்தில் உன் மேல்கோட்டில் பீர் கொட்டியது கை தவறித்தான். கொட்டின பிறகு வருத்தப்படவில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

ஒரு பஸ் நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு விடியுமுன் கிளம்பி மெல்போர்னுக்கு வந்தோம். எதற்கு? அவன் நாலு கால்பகுதியில் முதலாவது முழுக்க ஆடினான், இரண்டாவதில் பாதி ஆடினான், அப்புறம் மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கின வால்டா கையில் டப்பா நிறைய கேக் வைத்திருந்தாள், பயிற்சியாளருக்குக் கொடுக்க. அந்த டப்பாவைத் திறக்காமலே திரும்பக் கொண்டுவந்தாள்.

அவன் ஆடிக்கொண்டிருந்தபோதே நீ என் காதருகே வந்து, "பாத்தியா, நின்னான் பாத்தியா?" என்கிறாய். எல்லோரும் பார்க்கும்படி அவன் விழுந்து கிடக்கிறபோது! நான் பார்த்தது என்ன தெரியுமா? பின்னாலிருந்து ஒருவன் முதுகில் ஏறுகிறான், நடுவர் ஊதல் ஊதவில்லை. அதைக் கேட்டால் உங்கள் ஆட்கள், "முதுகுல ஏறிப் பிடிக்கிறதுதாங்க ஆட்டமே" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஆட்டம் எனக்குத் தெரியும். நான் சொல்வது, முதுகைக் கொடுக்கிற இடத்தில் அவனை நிறுத்தியது யார் என்பது. முன்வரிசையில் ஓடுகிறவனைப் பின்வரிசையில் நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? டிராக்டர் டயரைக் காரில் மாட்டிவிட்டு, வண்டி ஓடவில்லை என்று புலம்புகிற கதை.

இந்த ஊரில் அவன் பிடிக்காத உயரப் பந்து கிடையாது. நம்பாவிட்டால் வந்து பார். அவன் இல்லாவிட்டாலும், அவனை வளர்த்த ஆட்டத்தையாவது வந்து பார்.

கிளெம்


மெல்போர்ன்,
11 ஆகஸ்ட் 1986

அன்புள்ள கிளெம்,

கூப்பிட்டாய், வந்தேன். நோயலீன் தன் பழைய பள்ளித் தோழிகளோடு இருந்த மத்தியானம், நான் காரை மைதான வேலியில் முட்ட நிறுத்தி முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நீ இருபது கார் தள்ளி உட்கார்ந்து, என்னைப் பார்க்காத மாதிரி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்ததையும் பார்த்தேன். வால்டாவின் கடைப் பக்கம் போகவில்லை, காரணம் உனக்குத் தெரியும்.

ஒரு சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். உன் பையன் கோழை இல்லை.

உங்கள் ஊரே நிற்கிறது, கிளெம்.

மைதானத்தில் ஒரு மரம் கிடையாது. மேற்கே பாலை வரைக்கும் காற்றைத் தடுக்க ஒன்றுமில்லை. உயர உதைத்த பந்து எங்கே விழும் என்று உதைத்தவனுக்கே தெரியாது. அதனால் உங்கள் ஆட்கள் பந்துக்கு அடியில் வந்ததும் அரை நொடி நின்று, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்கிறார்கள். வெளியூர்க்காரன் நிற்காமல் ஓடி, பந்தைத் தாண்டிப் போய் முட்டாள் மாதிரி திரும்பிப் பார்க்கிறான். உங்கள் ஆள் சாவகாசமாகப் பிடிக்கிறான். நீங்கள் எல்லோரும் ஹாரன் அடிக்கிறீர்கள். பதினெட்டுப் பேரும் அப்படித்தான். இடைவேளையில் உள்ளே ஓடி உதைத்துக்கொண்டிருந்த பொடிசுகளும் அப்படித்தான். ஒரு குட்டி, முழங்கால் உயரம்கூட இல்லை, பந்துக்கு அடியில் நின்று அண்ணாந்து காத்திருந்தது.

இங்கே மைதானத்தைச் சுற்றி மாடி மாடியாகக் கட்டடம். பந்து சொன்ன இடத்தில் விழுகிறது. அவன் மட்டும் வராத காற்றுக்காகக் காத்திருக்கிறான்.

இதைக் கிளப்பின் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். "அப்படியா? அவன் விஷயம் ஜூலைலயே முடிஞ்சுபோச்சே. அதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருக்கலாமே, சார்" என்று சிரித்துவிட்டு காரில் ஏறினார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆளின் முகத்தில் பீர் கொட்ட நீ இல்லையே என்று முதல்முறையாக நினைத்தேன்.

எர்ரல்


வாரபின்,
22 செப்டம்பர் 1986

எர்ரல்,

முதலில் பையனைக் கோழை என்றாய். இப்போது ஊரையே குற்றம் சொல்கிறாய். நல்ல முன்னேற்றம். அடுத்த கடிதத்தில் எங்கள் ஆடுகளுக்கும் ஏதாவது பழக்கம் இருக்கிறதா என்று எழுது.

அவனைக் கழற்றிவிட்டார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பது தெரியுமா? அவன் லாக்கரில் வேறொருவன் பூட்ஸ் இருந்தது. அவ்வளவுதான். யாரும் உட்கார வைத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கடையில் துடைப்பம் பிடிக்கிற ஆளை நிறுத்தினால்கூட டீ வாங்கிக் கொடுத்துத்தான் நிறுத்துவேன்.

ரயிலில் வந்து இறங்கினான். ஊரே காரில் ஸ்டேஷனுக்குப் போய் ஹாரன் அடித்தது. சாயந்திரம் கிளப்பில் ஆட்டிறைச்சி சுட்டோம். ஆளாளுக்கு அவன் தோளில் தட்டி, "நகரத்தான்களுக்குக் கண்ணு இல்லடா" என்றார்கள். அவன் சிரித்தான், நிறையத் தின்னவில்லை.

ஒருவகையில் நல்லதுதான். அடுத்த வருஷம் எங்கள் பச்சைச் சட்டையைப் போடுவான். இந்த ஊர் கோப்பையைத் தொட்டு ஒரு தலைமுறை ஆகிறது. நான் ஊர் கிளப்பின் தலைவராக இருக்கும்போதே அதைத் தூக்குவேன். உன் அரை நொடியை அன்று ஹாரன் சத்தத்தில் கேட்டுக்கொள்.

கிளெம்


மெல்போர்ன்,
23 பிப்ரவரி 1987

கிளெம்,

இந்தத் தடவை மரியாதையோடு தொடங்க முடியாதவன் நான்.

என்னோடு நடுவராக ஓடின ஒருவர் இப்போது அடிலெய்டில் ஒரு கிளப்புக்கு ஆட்களைத் தேர்வு செய்கிறார். லிண்ட்சேயைப் பற்றி எழுதினேன். நிற்பதையும் எழுதினேன், ஏன் நிற்கிறான் என்பதையும் எழுதினேன். "அனுப்புங்க, சரி பண்ண முடியுதான்னு பாக்கலாம்" என்றார். பெரிய லீகுக்கு அடுத்தபடி அதுதான். அங்கே தேறினவனை மெல்போர்ன்காரர்கள் தேடி வந்து தூக்கிப் போகிறார்கள். மைதானத்தைச் சுற்றிக் கட்டடம். இருபது வயதுக்காரனுக்கு இன்னும் ஒரு கதவு, ஒரே ஒரு கதவு.

லிண்ட்சே போகத் தயார் என்று பதில் எழுதிவிட்டான். ஆனால் போன மாதம் உங்கள் கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டதால், நீங்கள் விடுவித்துக் கையெழுத்துப் போடாமல் அவன் வேறு எந்த மைதானத்திலும் பூட்ஸ் கட்ட முடியாது. நீங்கள் மறுத்துவிட்டீர்களாம். காரணம், கோப்பை.

மெல்போர்ன்காரன் அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தான் என்று ஒரு வருஷம் கத்தினாய். என் மேல்கோட்டைக் கெடுத்தாய். இப்போது அவனை உட்கார வைப்பது யார்? அந்தப் பயிற்சியாளராவது அவன் உதவமாட்டான் என்று நம்பிச் செய்தார். நீ அவன் உதவுவான் என்று தெரிந்தே செய்கிறாய். உங்கள் ஊரிலேயே இன்னொரு வருஷம் ஆடினால் எல்லாப் பந்தையும் பிடிப்பான், எல்லோரும் தட்டிக்கொடுப்பீர்கள், அந்த அரை நொடி அவன் எலும்பில் இறுகிவிடும். அப்புறம் எந்தக் கதவும் இல்லை.

நீ உன் டயர் கடையை யார் அனுமதியும் கேட்காமல் கட்டியவன் என்று பெருமையாகச் சொல்வாய். அதை நினைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்.

மார்ச் மாதக் கடைசியோடு அடிலெய்டில் பதிவு முடிகிறது.

எர்ரல்


வாரபின்,
16 மார்ச் 1987

மச்சான்,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் செய்தது, அதைக் கசக்கி டயர்க் குவியலுக்குப் பின்னால் எறிந்தது. இரண்டாவது நாள் குனிந்து தேடி எடுத்தேன். என் இடுப்புக்கு அது பெரிய வேலை.

நான் சொன்னால் நம்புகிறவன் இல்லை, பார்த்தால் நம்புகிறவன். ஸ்டேஷன் பக்கத்துக் கோதுமைக் கொட்டகை இப்போது காலி. கோயில் மாதிரி உயரம், உள்ளே ஒரு பொட்டுக் காற்று கிடையாது. லிண்ட்சேயையும் கெவ் விண்டரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவை இழுத்து மூடினேன். கெவ் உயர உதைத்தான். லிண்ட்சே ஓடி வந்தான். நின்றான். கெவ் மறுபடி உதைத்தான். மறுபடி நின்றான். "நிக்காதடா!" என்று கத்தினேன். "நிக்கிறேனா?" என்று கேட்டான். அவனுக்கே தெரியவில்லை, எர்ரல். அப்புறம் நான் கெவ்வுக்கு உதைத்தேன். தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த கெவ்வும் நின்றான்.

ஊருக்கு வருகிற லாரிகள் எல்லாவற்றிலும் டயர் ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் டயரைத் திட்டாதே, ரோட்டைப் பார் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்கிறவன் நான். அதை ஒரு ஆளிடம் பொருத்திப் பார்க்க எனக்குக் கொட்டகை தேவைப்பட்டது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே, பேப்பரில் எழுதினது எழுதினதுதான்.

கெவ்வுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. புரிந்ததும் என்ன சொன்னான் தெரியுமா? "சரி, நிக்கிறான். இங்க ஜெயிக்கறதுக்கு அதுதானே வேணும்?"

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. ஏனென்றால் போன மாதம் கமிட்டியில் நான் சொன்னதும் அதுதான், கொஞ்சம் அழகான வார்த்தைகளில்.

லிண்ட்சேயிடம் கேட்டேன், உனக்கு என்னடா வேணும் என்று. பந்தைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான்: "இங்க இருந்தா எல்லாரும் நல்லவன்னு சொல்வாங்க, கிளெம் மாமா. அது எனக்கே தெரியும். அங்க போய்த் தோத்தாலும் பரவால்ல. நான் எவ்வளவு தூரம்னு எனக்குத் தெரியணும்."

மறுநாள் கமிட்டி. நான் விடுவிக்கலாம் என்றேன். கெவ்வையும் சேர்த்து மற்ற நால்வரும் கூடாது என்றார்கள். "ஊருக்குத் துரோகம் பண்றியா கிளெம்?" என்று ஒருவர். "உன் மச்சான் உனக்கு மந்திரம் போட்டுட்டாரு" என்று இன்னொருவர். கெவ் மேசையில் தட்டி, "அவனை வளத்தது இந்த மைதானம்யா!" என்றான். "ஆமா, அதுதான்டா பிரச்சினையே!" என்றேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஓட்டெடுத்தார்கள், தோற்றேன்.

ஆனால் லீக் விதிப்படி தலைவர் கையெழுத்து இருந்தால் போதும். போட்டேன். அவர்கள் கண் முன்னாலேயே போட்டு, முத்திரையும் குத்தி, என் கையாலேயே தபாலில் சேர்த்தேன். திரும்பி வருவதற்குள் நான் தலைவர் இல்லை. வால்டா மட்டும் கடைக்கு வந்து, மேசைமேல் ஒரு இறைச்சிப் பை வைத்துவிட்டுப் போனாள். எலி மருந்து இல்லாதது. தின்றேன், உயிரோடிருக்கிறேன்.

கிளெம்


வாரபின்,
4 மே 1987

மச்சான்,

இங்கே என்ன நிலவரம் என்றால், எங்கள் அணி தொடர்ந்து தோற்கிறது. தோற்கிற ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கடை வாசலில் வந்து யாரோ ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். மூன்று பண்ணைக்காரர்கள் டயருக்குப் பக்கத்து ஊருக்குப் போகிறார்கள். போகட்டும். அந்த ஊர் டயர் அறுவடைக்குள் வெடிக்கும், அப்போது என்னிடம்தான் வருவார்கள், அப்போது என் விலை என் இஷ்டம். எனக்குக் கோபம் அதில் இல்லை. லிண்ட்சேக்கு அடிலெய்டில் முதல் மூன்று ஆட்டம் சரியாக அமையவில்லை என்று கேட்டதும், "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று சந்தோஷப்பட்டார்களே, அதில்தான். போன வருஷம் இவனுக்காக ரயிலடிக்கு வந்த அதே கார்கள்!

அதனால் போன சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அடிலெய்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். யாரிடமும் சொல்லவில்லை. கோல் கம்பங்களுக்குப் பின்னால் கூட்டத்தோடு நின்றேன். என் ஒரு பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு ஆள், ஆரம்பத்திலிருந்தே புலம்பல். "யாரு இந்தக் காட்டான்? எங்கிருந்து புடிச்சாங்க?" பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் பாதியில் லிண்ட்சே இரண்டு தடவை நின்றான். இரண்டு தடவையும் விழுந்தான். இரண்டாவது தடவை எழுந்திருக்க நேரமாயிற்று.

மூன்றாவது கால்பகுதியில் நடு மைதானத்திலிருந்து ஒரு பந்து. வானத்தை முட்டுகிற மாதிரி உயரம். இறங்கி வந்தது. பின்னால் இரண்டு தடியர்கள். லிண்ட்சே ஓடி வந்தான், ஓடி வந்தான், எர்ரல், அவன் நிற்கவில்லை. கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் அப்படியே மேலே போனான். மூன்று பேரும் மோதினார்கள். பந்து அவன் இரண்டு கையிலும் பட்டது, நழுவி விழுந்தது.

தொப்பிக்காரன், "கையே இல்ல இவனுக்கு! ஊருக்கே திருப்பி அனுப்புங்கடா!" என்று கத்தினான்.

நான் திரும்பி அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். "கையைப் பாக்காதய்யா, காலைப் பாருய்யா, காலை! நின்னானா? சொல்லு, நின்னானா?"

"யோவ், பந்தை விட்டுட்டான்யா!"

"விட்டா விடட்டும்! நின்னானா?"

அவன் என்னைக் கிறுக்கன் என்று நினைத்து நகர்ந்துவிட்டான். சுற்றி அத்தனை ஆயிரம் பேர். ஒருத்தருக்குக்கூட இப்போது என்ன நடந்தது என்று தெரியவில்லை. அந்த மைதானத்தில் அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடையாது. வழி நெடுக, ஓட்டிக்கொண்டு வருகிறபோதெல்லாம், உன்மேல்தான் கோபமாக வந்தது. நீ அங்கே இருந்திருக்க வேண்டாமா?

கிளெம்